நெல்லறையில் பூத்த செடி

நம் வயதுப் பெண்கள் நாலு பேர் கூடினால் பெரியபிள்ளையான கதை, வயதுக்கு வந்த கதை, எப்படியும் வந்துவிடும். யாருக்கு எத்தனை பச்சை முட்டை பருக்கினார்கள், யார் எந்த மூலையில் குந்தியிருந்தார்கள், தண்ணீர் வார்வைச் சடங்குக்கு எடுத்த சேலை என்ன நிறம் என்றெல்லாம் சொல்லிச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் என் முறை வரப்போகிறது என்று தெரிந்ததும் தேத்தண்ணீர் வைக்கிறேன் என்று எழும்பிப் போய்விடுவேன். உங்களில் சிலர் கவனித்திருப்பீர்கள். கேட்டதில்லை. அதற்கு நன்றி. இனி எழும்பிப் போகப் போவதில்லை, சொல்கிறேன்.

எங்கள் வீடு வட்டக்கச்சியில், வாய்க்கால் கரையோடு இருந்தது. யாழ்ப்பாணப் பக்கமிருந்து காணி கிடைத்து வந்த குடும்பம். ஐயாவுக்கு வயல், அம்மாவுக்கு மாடுகள், அண்ணனுக்குப் படிப்பு என்று வீட்டில் எல்லாருக்கும் ஒன்று இருந்தது. எனக்கு என்ன என்று அப்போது யாரும் யோசித்திருக்கவில்லை.

அண்ணன் கிளிநொச்சியில் உயர்தர வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். டொக்டராக வரப்போகிற பிள்ளை என்பதால் அவருக்குத் தனி மேசை, தனி விளக்கு, காலையில் முட்டைப்பொரியல். ஏதோ ஒரு புத்தகத்தில் அவர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டார். இலையின் நுனியில் சின்னச் சின்னக் குடங்கள் தொங்குகிற கொடி. குடத்துக்குள் விழுகிற பூச்சியைத் தின்று வாழ்கிற கொடி. அது எங்கள் தீவிலேயே, தெற்கே மழை விடாத பக்கங்களில் வளர்கிறது என்று எழுதியிருந்ததாம். அன்றிலிருந்து வீட்டில் அதே கதை.

பக்கத்து வளவில் லொறி ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். நெல்லும் செத்தல் மிளகாயும் ஏற்றிக்கொண்டு தெற்கே போவார், பலகையோடு திரும்புவார். அண்ணன் அவருக்குப் படத்தைக் காட்டிக் காட்டி, ஒருநாள் அவர் ஈரச்சாக்கில் சுற்றிய எதையோ எங்கள் முற்றத்தில் இறக்கிவைத்தார்.

"அங்கை றோட்டுக்கரை எல்லாம் இதுதான் படர்ந்து கிடக்குது. பிடுங்கேக்கை ஆக்கள் என்னைப் பாத்துச் சிரிச்சவை. உனக்கேன் தம்பி இந்தக் கோதாரி?" என்றார்.

அண்ணன் ஓடிப்போய்ச் சாக்கடியில் குந்தினார். சாக்கைப் பிரித்து, ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்குகிற மாதிரி அதை இரண்டு கையாலும் தூக்கினார். குடங்கள் எல்லாம் வழியிலேயே நசிந்து கறுத்திருந்தன. வேரும் கொடியும் மட்டும் உயிரோடு இருந்தன.

எங்கள் ஊர்க் காற்று அதற்கு ஒத்துவரவில்லை. மாமரத்துக்குக் கீழே வைத்தார், இலை ஓரம் கருகியது. கிணற்றடியில் வைத்தார், கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு பட்டு வேர்ப்பக்கம் வெள்ளை பூத்து, இன்னும் வாடியது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளை. கடைசியில் வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது என்று முடிவெடுத்தார். குசினிக்குப் பின்னால் நெல் மூட்டை அடுக்குகிற ஓர் அறை இருந்தது. மண்சுவர், மண் நிலம், உயரத்தில் ஒரு சின்ன யன்னல். வீட்டில் மிகவும் குளிர்ச்சியான இடம் அதுதான். ஒரு பெரிய பிஸ்கற் ரின்னில் தும்பும் கரியும் மணலும் போட்டுச் செடியை நட்டு, யன்னலுக்குக் கீழே, ஈரமணல் நிரப்பிய தாச்சியில் வைத்தார். மாரியில் பிடித்த மழைத்தண்ணீரைப் பானையில் துணி கட்டி மூடி வைத்திருந்தார். அந்தத் தண்ணீரில் யாரும் கை வைக்கக்கூடாது.

அம்மா அதற்கு வைத்த பேர் பூச்சிதின்னி. "என்ரை நெல்லுக்குப் பக்கத்திலை பூச்சிதின்னியை வச்சிருக்கிறான்" என்று வருகிறவர்களிடம் சொல்லுவார். குறை சொல்கிற குரலில் பெருமைதான் கூடுதலாக இருக்கும்.

மெல்ல மெல்ல அது பிழைத்தது. யன்னல் கம்பியைப் பிடித்து ஏறியது. புதிதாகக் குடங்கள் வந்தன. அப்போதுதான் நான் பெரியபிள்ளையானேன்.

சோளகக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்து பாதியில் வந்துவிட்டேன். அம்மா என் தலையைத் தடவினார், அழுதார், பிறகு உடனே வேலையில் இறங்கினார். கதவுள்ள அறை என்று பார்த்தால் நெல்லறை ஒன்றுதான். மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, பாய் போட்டு, வேப்பிலையும் ஒரு இரும்புச் சத்தகக் கத்தியும் வைத்து என்னை இருத்தினார்கள். அதன்பிறகுதான் அம்மா யன்னலைப் பார்த்தார்.

"இதை வெளியிலை எடு தம்பி. துடக்குப் பட்டால் செடி கொடி பட்டுப்போகும்."

அண்ணன் வாசலுக்கு அந்தப் பக்கம், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கக்கூடாதல்லவா. "அம்மா, வெளியிலை வச்சால் இந்தக் காத்துக்கு ஒரு நாள் தாங்காது. மொட்டு வைக்கப்போகுது. பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு இதைத்தான் கொண்டுபோறன் எண்டு சயன்ஸ் படிப்பிக்கிற சேரிட்டைச் சொல்லிட்டன்."

அம்மா விடவில்லை. ஐயா முற்றத்தில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "பூச்சி புழு தின்னுற செடிக்கு என்ன துடக்கு? கிடக்கட்டும் விடு."

அப்படித்தான் நானும் அதுவும் ஒரே அறையில் அடைபட்டோம்.

தண்ணீர் வார்வை தள்ளிப்போனது. மாமி வரவேண்டும். ஐயாவின் தங்கச்சி, நெளுக்குளத்தில் இருந்தவர். மாமி இல்லாமல் தண்ணீர் வார்க்க முடியாது. மாமியின் மாமனார் அப்போது படுக்கையில் கிடந்ததால் அவரால் உடனே வர முடியவில்லை. கிழமைக்கணக்காக அறைக்குள் இருந்தேன். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் உழுத்தங்களி, கத்தரிக்காய். பிற்பக்கத்தில் கிடுகு மறைப்புக்குள் குளிப்பு. மற்ற நேரமெல்லாம் நெல் மணத்தில் இருந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

அண்ணன்தான் எனக்கு வேலை கொடுத்தார். யன்னலுக்கு வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்துகொண்டு குரல் மட்டும் கொடுப்பார்.

"மழைத்தண்ணி ஒரு பேணி விட்டியே?"

"ஓம் அண்ணா."

"மேலை புதுசா வந்த குடம் திறந்திட்டுதோ?"

"இன்னும் மூடித்தான் கிடக்குது. பழுத்த பாக்கு மாதிரி வீங்கிப்போய் இருக்குது."

"அதை அமத்திப் பாக்காதை. திறக்கிற நேரம் எனக்குச் சொல்லு."

அதுவரை அண்ணன் என்னோடு இவ்வளவு கதைத்ததே இல்லை. படிக்கிற பிள்ளை, குழப்பாதே என்று என்னைத் துரத்தித்தான் பழக்கம். இப்போது அவருக்கு என் கண் வேண்டியிருந்தது. நான் அந்தச் செடியை எப்படிப் பார்த்தேன் என்கிறீர்கள்! இலை நுனி முதலில் ஒரு நூலாக நீளும். நூலின் முனை கொஞ்சம் வளைந்து மேலே திரும்பும். பிறகு அந்த முனை வீங்கத் தொடங்கும். குடம் திறக்கும் முன்னே அதற்குள் தண்ணீர் ஊறியிருக்கும். வெளிச்சத்தில் பார்த்தால் நிழல் மாதிரி ஆடும். மூடி திறந்தால் பிறகு மூடுவதில்லை. வாய் விளிம்பு வழுவழுவென்று சிவந்திருக்கும். மூடியின் அடிப்பக்கத்தில் தேன் துளிகள், ஊசி முனை அளவு. எறும்புகள் அதற்குத்தான் வரும். அவை தலைகீழாகத் தொங்கியபடி நக்கும், ஒன்றை ஒன்று முட்டும். பெரும்பாலானவை வயிறு நிறையத் தின்றுவிட்டுச் சுகமாகத் திரும்பிப் போய்விடும். எப்போதாவது ஒன்று வழுக்கும். விழுந்த எறும்பு ஏற முயன்று ஏற முயன்று களைக்கும்.

ஒருநாள் விரலால் தொட்டு நானும் அந்தத் தேனை நக்கிப் பார்த்தேன். இனிப்புத்தான். அண்ணனிடம் சொன்னபோது வெளியே பெரிய சிரிப்புக் கேட்டது. "உனக்கு விசர். எறும்பு மாதிரி உள்ளுக்கை விழுந்திடாதை" என்றார். அந்தச் சில நாட்கள் நான் சந்தோசமாக இருந்தேன்.

பிறகு கொடியின் உச்சியில் இருந்து ஒரு தண்டு எழும்பியது. அதில் மிளகு போல மொட்டுகள். அண்ணன் யன்னலுக்கு வெளியே துள்ளினார். கீழிருந்து மேலாக மொட்டுகள் விரிந்தன. பூ என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு சின்னது. நாலு பச்சை இதழ்கள், நடுவில் குண்டூசி மாதிரி ஒரு தண்டு, அதன் தலையில் மஞ்சள் பொடி. இதழெல்லாம் ஈரம் பட்ட மாதிரி மினுங்கும். அதுவும் தேன்தான். பூக்களுக்கு ஈக்கள் வந்தன.

அந்தக் கிழமைதான் அம்மா அறைக்குள் வந்து மூக்கைச் சுளித்தார்.

"எங்கையோ எலி செத்துக் கிடக்குது."

ஐயாவைக் கூப்பிட முடியாது. அம்மாவே மூட்டை மூட்டையாக நகர்த்திப் பார்த்தார். எலி இல்லை. நிலத்தைக் கூட்டிச் சாணியால் மெழுகினார். பாயை வெயிலில் போட்டார். காலையில் ஒன்றுமில்லை, பொழுதுபடுகிற நேரம் திரும்பவும் அந்த மணம் வந்தது. காலில் போட்ட ஈரச்சப்பாத்தை மூடிவைத்துத் திறந்த மாதிரி, புளித்த கஞ்சி மாதிரி, அடியில் ஏதோ ஒரு இனிப்பு. சொல்லிக்கொள்ள முடியாத மணம்.

அம்மா அறையின் நடுவில் நின்று நாலு பக்கமும் முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கிட்ட வந்து என் கழுத்தடியில் முகர்ந்தார். சட்டையைத் தூக்கி முகர்ந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நிலம் பிளந்து என்னை உள்ளே இழுத்தால் நல்லது என்று இருந்தது.

"வடிவாக் கழுவினனியே?" என்றார் மெல்லிய குரலில்.

"ஓம் அம்மா."

"பொய் சொல்லாதை."

அடுத்த நாளில் இருந்து குளிப்பு இரண்டு நேரமானது. மஞ்சள், வேப்பிலை, தேசிக்காய். தேசிக்காய்ப் புளி பட்ட இடமெல்லாம் எரிந்தது. துணி மாற்றி மாற்றி உடுத்தினார்கள். சாம்பிராணிப் புகை போட்டு அறையையே மூடினார்கள். நான் இருமி இருமிக் கண் சிவந்தேன். புகை அடங்கியதும் பொழுதுபடுகிற நேரம் அது திரும்ப வந்தது. இப்போது எனக்கும் சந்தேகமில்லை. என் கையை முகர்ந்தால் அது மணத்தது. என் தலைமயிரை முகர்ந்தால் அது மணத்தது. பெரியபிள்ளையாவது என்றால் இதுதான், எல்லாப் பெண்களும் இப்படித்தான் மணப்பார்கள், எனக்கு மட்டும் அதை மறைக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். யாரும் மணத்ததாக ஞாபகம் வரவில்லை.

மாமி வந்தார். மாமனார் கொஞ்சம் தேறியிருந்தார். பனங்கட்டி நிறைந்த பெரிய ஓலைக் குட்டானோடும் எனக்கொரு சோடி வளையலோடும் வந்தார். மாமிக்கு ஒரு மகன் இருந்தார், என்னைவிடச் சில வயது மூத்தவர். நாங்கள் பிறந்த காலத்திலிருந்தே எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பகிடி பண்ணுவார்கள். அந்த உரிமையோடு மாமி சிரித்துக்கொண்டு அறைக்குள் வந்தார். "எங்கை என்ரை மருமகள்?" என்று இரண்டு கையையும் நீட்டினார். பாதி வழியில் கை நின்றது. சேலைத் தலைப்பு மூக்குக்குப் போனது. மாமி அதைத் தெரிந்து செய்யவில்லை. மூக்கு தானாகச் செய்தது. பிறகு சமாளித்துக்கொண்டு வளையலை என் கையில் போடாமல் பாயில் வைத்தார்.

குசினிக்குள் அவர்கள் கதைத்தது மண்சுவர் வழியே எனக்குக் கேட்டது.

"பிள்ளைக்கு ஏதும் வருத்தம், நோய் கிடக்குதோ மச்சாள்?"

"அப்பிடியொண்டும் இல்லை மச்சாள். உடம்புச் சூடு."

"இது சூடு இல்லை. எனக்கும் இரண்டு பொம்பிளைப்பிள்ளையள் இருக்குதுகள். இப்பவே ஆருக்கும் காட்டுங்கோ. பிறகு கரைச்சல்."

அம்மா அழுகிற சத்தம் கேட்டது. நான் வளையலைத் தொடவில்லை.

சுகம் வரட்டும் என்று தண்ணீர் வார்வையை இன்னும் தள்ளிவைத்து, நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியாரைக் கூட்டி வந்தார்கள். ஆண் ஆள் என்னைப் பார்க்கக்கூடாது என்பதால் வாசலில் சேலையைத் திரையாகக் கட்டினார்கள். அவர் வெளியே கதிரையில் இருந்தார். நான் உள்ளே இருந்து கையை மட்டும் திரைக்கு வெளியே நீட்டவேண்டும். என் கை வெளியே போய், முன்பின் தெரியாத விரல்கள் அதைப் பிடித்து நாடி பார்த்தன. ஐயாவும் அண்ணனும் அங்கேதான் நின்றார்கள் என்பது எனக்கு அவர்களின் இருமலில் தெரிந்தது.

"எப்ப இருந்து மணக்குது?" என்று பரியாரியார் கேட்டார்.

"ஒரு கிழமைக்கு மேலை," என்றார் அம்மா.

"எந்த நேரம் கூட?"

"பொழுதுபடேக்கை."

"எப்பிடி மணம்? மீன் மணமோ, புளிச்ச மணமோ?"

அம்மா சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். திரைக்கு வெளியே நீட்டியிருந்த என் கை எனக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒன்று மாதிரி கிடந்தது. இழுக்கவும் முடியவில்லை. "கெட்ட நீர் இறங்கியிருக்குது. கசாயம் தாறன். பிள்ளை உப்பு, புளி தொடக்கூடாது" என்றார் பரியாரியார். அன்றைக்கு யன்னலுக்கு வெளியே அண்ணனின் குரல் வரவில்லை.

கசாயம் கறுப்பாக இருந்தது. குடித்தால் வயிறு பிரட்டும். உப்பில்லாத சோறு இறங்காது. மெலிந்துபோனேன். மணம் மட்டும் குறையவில்லை.

ஒரு பின்னேரம் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போயிருந்தார். செடிக்குத் தண்ணீர் விட எழும்பினேன். தலை சுற்றியது. விழாமல் இருக்க யன்னல் கம்பியைப் பிடித்தேன். முகம் பூத்தண்டில் போய் முட்டியது. மூக்கின் நுனியில் மஞ்சள் பொடி.

அது அங்கே இருந்தது. அவ்வளவு நாளும் என் மேல் தேடிய மணம் அங்கே, அந்த மினுங்குகிற ஈரத்தில் இருந்தது. ஒரு பூவை முகர்ந்தேன். அடுத்ததை முகர்ந்தேன். பின்னால் போய் மூட்டையடியில் நின்று என் கையை முகர்ந்தேன். மஞ்சள், வேப்பிலை. திரும்ப ஓடிப்போய்ப் பூவை முகர்ந்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. யன்னலைத் தட்டினேன்.

"அண்ணா! அண்ணா!"

அவர் வந்தார். வாளி நகர்கிற சத்தம் கேட்டது.

"அண்ணா, அது நான் இல்லை. பூ. இந்தப் பூதான் மணக்குது!"

கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து இன்னொரு தரம் சொன்னேன்.

"தெரியும்," என்றார் அண்ணன்.

"தெரியுமோ?"

"மொட்டு விரிஞ்ச அண்டே தெரியும். யன்னலாலை வந்தது." பிறகு அவசரமாகச் சொன்னார்: "இஞ்சை பார், அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. சொன்னால் உடனை பிடுங்கி எறிஞ்சுபோடுவா. கண்காட்சிக்குக் கொஞ்ச நாள்தான் கிடக்குது. பூவோடை கொண்டுபோனால் எனக்குத்தான் முதல் பரிசு எண்டு சேர் சொன்னவர். அதுக்குப் பிறகு நானே சொல்லுறன். சத்தியமா நானே சொல்லுறன்."

நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். நாடி பார்த்த அன்றைக்கு அவர் வெளியே நின்று இருமியது ஞாபகம் வந்தது.

"என்ன, சொல்லமாட்டாய்தானே?"

"ஓம்," என்றேன். என்னை நீங்கள் திட்டலாம். ஆனால் அந்த அறையில் என்னோடு கதைத்த ஒரே ஆள் அவர்தான். அவர் கோபித்தால் எனக்குச் சுவர் மட்டும்தான் மிச்சம்.

அதன் பிறகும் கசாயம் குடித்தேன். என்னில் இல்லாத வருத்தத்துக்குத்தான் என்று தெரிந்துகொண்டே, அம்மாவின் கையால் வாங்கிக் குடித்தேன். தேசிக்காயும் நின்றபாடில்லை.

கண்காட்சி வந்தது. அண்ணன் பிஸ்கற் ரின்னைச் சைக்கிளில் கட்டி, காற்றுப் படாமல் ஈரச்சாக்குப் போர்த்து, உருட்டிக்கொண்டே போனார். குடங்களில் இருந்த தண்ணீர் வழியெல்லாம் சிந்தியதாம். பூவில் பாதி உதிர்ந்ததாம். என்றாலும் முதல் பரிசு அவருக்குத்தான். ஒரு தடித்த ஆங்கில அகராதியோடு திரும்பி வந்தார். செடி பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலேயே நின்றுவிட்டது. அதை அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்குப் பின்னேரம் அம்மா அறைக்குள் வந்து நின்று முகர்ந்தார். திரும்பவும் முகர்ந்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "பரியாரியாற்ரை கைராசி!" என்றார். மறுநாளே பரியாரியாருக்கு ஒரு குலை வாழைப்பழமும் ஒரு மூட்டை நெல்லும் போனது.

நான் அண்ணன் சொல்லுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அகராதியின் முதல் பக்கத்தில் தன் பேரை அழகாக எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் நானே சொன்னேன். அம்மா குசினியில் ஐயாவுக்கும் அண்ணனுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தார். நான் அறை வாசலில் சேலைத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"அம்மா, மணத்தது நான் இல்லை. அந்தப் பூ. அதுதான் செடி போன உடனை நிண்டது. அண்ணாவைக் கேளுங்கோ."

அம்மா அகப்பையோடு திரும்பினார். "உண்மையோ தம்பி?"

அண்ணன் சோற்றைக் குழைத்தார். தின்றுகொண்டிருந்த ஐயா நிமிர்ந்து பார்த்தார். ஐயாவுக்குக் கோபம் வந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"பூவுக்குக் கொஞ்சம் மணம் இருக்கும்தான்," என்றார் அண்ணன். "ஆனா அவ்வளவுக்கு இராது."

அம்மாவுக்கு அது போதும். "சுகம் வந்த பிறகு ஏன் பிள்ளை பொய்? வருத்தம் எல்லாருக்கும் வாறதுதான். வெக்கப்படாதை," என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தண்ணீர் வார்வை சிறப்பாக நடந்தது. மாமி பால் வைத்து அறுகு வைத்துத் தண்ணீர் வார்த்தார், கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி. பலகாரம் சுட வந்திருந்த பெண்களுக்கு அம்மா பரியாரியாரின் கெட்டித்தனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நன்றி மறக்காத மனிசி. யாருக்கும் அப்படி ஏதும் வந்தால் அவரிடம் போகச் சொல்லி விலாசமும் சொன்னார். அப்படித்தான் ஊர் முழுக்கத் தெரிந்தது. பள்ளிக்கூடம் திரும்பிப் போனபோது என் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இடம் நிறைய இருந்தது.

மாமியின் மகனுக்குச் சில வருடங்களில் வேறு இடத்தில் பேசி முடித்தார்கள். சாதகம் பொருந்தவில்லை என்றார்கள். எனக்கு அவரில் பெரிய விருப்பம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏன் வேண்டாம் என்றார்கள் என்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைத்ததே இல்லை. ஐயா மட்டும் ஒரு தரம் மாமியின் பேரை எடுத்தார். அம்மா வேறெங்கோ பார்த்தார்.

பிறகு என்னைப் பளையில் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிசன். கலியாணமான புதிதில் அவரிடம் கேட்டேன், என்னில் ஏதும் மணம் வருகிறதா என்று. அவர் பகிடி என்று நினைத்து, "குசினி மணக்குது" என்றார். நான் எழும்பிப் போய்க் குளித்தேன். அந்தக் காலத்தில் ஒரு மாதத்துச் சவுக்காரம் எங்கள் வீட்டில் ஒரு கிழமையில் கரையும். பஸ்ஸில் சனநெருக்கத்தில் நிற்கமாட்டேன், அடுத்த கிராமம் வரைக்கும் நடந்தே போவேன். சண்டையில் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் கிடந்தபோது, சாவுக்குப் பயப்பட்ட அளவுக்குத் தண்ணீர் இல்லாததற்கும் பயந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். வட்டக்கச்சி வீடு அந்த நாட்களில் போய்விட்டது. அந்த மண்சுவர் இருந்த இடத்தில் இப்போது பூவரசு நிற்கிறது. அம்மா கடைசி வரைக்கும் பரியாரியாரை நினைத்துக் கும்பிடுவார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த நம்பிக்கையைப் பிடுங்கினால் அம்மாவுக்கு என்ன மிஞ்சும்? தன் பிள்ளைக்குத் தேசிக்காய் தேய்த்தது மட்டும்தான்.

அண்ணன் டொக்டராகவில்லை. கனடாவுக்குப் போனார், மருந்துக் கடையில் வேலை செய்தார், இப்போது ஓய்வு. நல்ல அண்ணன்தான். என் பிள்ளைகளின் படிப்புக்கு உதவினார். கிழமைக்கு ஒரு தரம் வீடியோவில் வருவார்.

போன மாதம் வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "உனக்கொண்டு காட்டுறன் பொறு" என்று போனைத் திருப்பினார். யன்னலோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி, மேலே ஊதா நிறத்தில் விளக்கு. உள்ளே அந்தக் கொடி, குடங்களோடு. எங்களுடையதைவிடப் பெரிய குடங்கள், புள்ளி புள்ளியாக. அந்தக் குளிர் தேசத்தில் வீட்டுக்குள்ளே வைத்து வளர்க்கிறாராம். ஈரம் பார்க்க ஒரு கருவி, சூடு பார்க்க ஒரு கருவி. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாராம்.

"இதோடை வச்சிருந்த மற்றச் செடி பூத்திட்டுது," என்றார். "அதை இஞ்சை வைக்கேலாமல் போச்சு. என்ரை மனிசி ஒரு நாள்தான் பொறுத்தவா. இந்த மணத்தோடை என்னாலை இருக்கேலாது எண்டிட்டா. அண்டைக்கே தூக்கிக் கராஜிலை வச்சிட்டன். கராஜிலை குளிர், மொட்டெல்லாம் உதிருது. என்ன செய்யிறது, அவாவும் இந்த வீட்டிலைதானே இருக்கோணும்."

"எங்கடை வட்டக்கச்சி வீட்டிலையும் ஒண்டு வச்சிருந்தனானெல்லே, ஞாபகமோ? அது திறம் செடி. மணமே இல்லை."

என் மருமகள் பக்கத்தில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.

"இருந்தது அண்ணா," என்றேன்.

"என்ன?"

"மணம் இருந்தது. நான் அதோடைதானே இருந்தனான்."

படத்தில் செடிதான் தெரிந்தது. அவருடைய முகம் வரவில்லை.

"நீ அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றார்.

"சொன்னனான்."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. எங்கேயோ அவருடைய வீட்டுக்குள் தண்ணீர்க்குழாய் ஓடி நின்றது. இனி அவர்தான் கதைக்கவேண்டும் என்று காத்திருந்தேன். போன் மெல்லத் திரும்பியது. நரைத்த தாடி, கண்ணாடி. அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கோ கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றார். "சொன்னனீ. நெல்லறை வாசல்லை நிண்டு சொன்னனீ."

இந்த ஒரு வசனம் வந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய காது மடல் சிவந்திருந்தது. அண்ணன் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அது எனக்குப் பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது, என் முகமும் சுட்டது.

"அங்கை இப்ப நல்ல குளிரோ அண்ணா?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை," என்றார். "நல்ல குளிர்."